ஸ்பிரிங் காற்றுத் துப்பாக்கிக்குக் குறைந்த செலவில் ஸ்கோப்: தேர்ந்தெடுப்பதிலிருந்து ஜீரோ செய்வது வரை

என் முதல் ஸ்கோப், அதாவது துப்பாக்கியின்மேல் பொருத்திக் குறிபார்க்கும் தொலைநோக்கி, ஆறு வாரம்தான் உழைத்தது. பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் தென்னந்தோப்பில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இலக்கு அட்டையை நோக்கிக் கண்ணை வைத்தேன். நேராக நிற்க வேண்டிய குறுக்குக் கோடு இடப்பக்கம் சாய்ந்து கிடந்தது. கழற்றிக் காதோரம் வைத்து ஆட்டினால் உள்ளே கண்ணாடி உருளும் சத்தம். அதுவரை முந்நூறு குண்டுகள்கூடச் சுட்டிருக்க மாட்டேன். மலிவான சரக்கு என்று அன்றைக்கு அதைத் திட்டித் தீர்த்தேன். அதே விலைக்கு வாங்கிய இன்னொரு ஸ்கோப் இப்போது நான்காவது ஆண்டாக அதே துப்பாக்கியின்மேல் உட்கார்ந்திருக்கிறது. விலை இரண்டுக்கும் ஒன்றே. முதலாவது என் துப்பாக்கிக்காகச் செய்யப்பட்டதல்ல என்று தெரிந்துகொள்ளத்தான் எனக்கு இவ்வளவு காலம் ஆயிற்று.

நடுவில் மடக்கி அழுத்தும் ஸ்பிரிங் காற்றுத் துப்பாக்கி ஒன்றை வைத்துக்கொண்டு, பத்து முதல் முப்பது மீட்டருக்குள் அட்டையிலும் தகரக் குவளையிலும் சுட்டுப் பழகுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கையில் இருக்கும் பணம் கொஞ்சம் என்றால் ஜூமில் மிச்சம் பிடியுங்கள், குறுக்குக் கோட்டை ஒளிரச் செய்யும் விளக்கில் மிச்சம் பிடியுங்கள், லென்ஸின் அகலத்தில் மிச்சம் பிடியுங்கள். பக்கத்துத் தூரத்துக்குத் திருத்திக்கொள்ளும் வசதியிலும், ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிடித்துவைக்கும் மவுண்டிலும் மட்டும் கை வைக்காதீர்கள். கீழே வருவதெல்லாம் இதற்கான காரணங்களும் செய்முறையும்தான்.

வாங்கும் முன்: ஸ்கோப் தேவைதானா?

போட்டிக்குப் போகும் எண்ணம் இருந்தால் இந்தக் காசை ஸ்கோப்பில் போடாதீர்கள். ஒலிம்பிக் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் ஸ்கோப்புக்கு அனுமதியே கிடையாது. 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பையில் தங்கம் வென்றதும் பின்னால் ஒரு சிறு துளை, முன்னால் ஒரு வளையம் என்ற பீப் சைட் ஏற்பாட்டை வைத்துத்தான். அந்த இலக்கு முழுவதுமே 45.5 மி.மீ. அகலம், பத்து மதிப்பெண் தரும் நடுப்பகுதி அரை மில்லிமீட்டர் பொட்டு. உருப்பெருக்கம் இல்லாமல் அதை அடிக்கிறார்கள். நம் நாட்டுப் போட்டிகளிலும் ஓபன் சைட் (பின்னால் காடி, முன்னால் முனை), பீப் சைட் என்ற பிரிவுகளே உண்டு. பிள்ளையைப் போட்டிக்கு அனுப்ப நினைக்கும் பெற்றோர் நல்ல பீப் சைட்டுக்கும் பயிற்சியாளருக்கும் செலவழிக்கட்டும்.

சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 0.177 அங்குலத்துக்கு, அதாவது 4.5 மி.மீ.க்கு மேற்படாத குழல் துளையும், 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு இந்தியாவில் ஆயுத உரிமம் தேவையில்லை. ஆனால் அதை வைத்து எதைச் சுடலாம் என்பது வேறு சங்கதி. எங்கள் தோப்புக்கு நாள்தோறும் மயில் வருகிறது, கிளி வருகிறது. ஸ்கோப் வந்த புதிதில் கை துறுதுறுக்கும். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அவற்றைச் சுடுவது குற்றம். சிறை உண்டு. எனக்கு அட்டையும் குவளையும் போதும். உங்களுக்கும் போதும் என்று நம்பியே மேலே எழுதுகிறேன்.

படி 1: துப்பாக்கியை அளந்து ஒரு தாளில் எழுதுங்கள்

கடைக்குப் போகும் முன் மூன்று விவரங்கள் கையில் இருக்க வேண்டும்.

முதலாவது, துப்பாக்கியின் மேல்பக்கத்தில் மவுண்ட் பிடித்துக்கொள்ளும் தண்டவாளத்தின் அகலம். பெரும்பாலான காற்றுத் துப்பாக்கிகளில் இருபுறமும் சரிவாக வெட்டிய, ஏறத்தாழ 11 மி.மீ. அகலமுள்ள டவ்டெயில் காடி இருக்கும். சிலவற்றில் குறுக்கே பள்ளங்கள் வெட்டிய, ஏறத்தாழ 21 மி.மீ. அகலமுள்ள பிக்காட்டினி தண்டவாளம் இருக்கும். ஒன்றுக்கு வாங்கிய மவுண்ட் மற்றொன்றில் உட்காராது.

இரண்டாவது, அந்தத் தண்டவாளத்தின் பின்முனையில் சிறு குழியோ குறுக்குப் பள்ளமோ தடுப்புக் கட்டையோ இருக்கிறதா என்பது. இது ஏன் என்று மவுண்ட் பகுதியில் தெரியும்.

மூன்றாவது, நீங்கள் உண்மையிலேயே சுடும் தூரம். கண்ணால் மதிப்பிடாதீர்கள், டேப் வைத்து அளங்கள். என் தோப்பில் 25 மீட்டர் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது அளந்தபோது 19 மீட்டர்தான் இருந்தது. வீட்டு மாடியில் சுடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் எட்டிலிருந்து பன்னிரண்டு மீட்டருக்குள் முடிந்துவிடும். மிகக் குறைந்த தூரம், மிக அதிகத் தூரம் இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். ஸ்கோப்பைத் தீர்மானிக்கப் போவது அந்தக் குறைந்த தூரம்தான்.

படி 2: ஸ்பிரிங் ஸ்கோப்பை ஏன் உடைக்கிறது?

விசையை இழுத்ததும் ஸ்பிரிங் விரிந்து உள்ளேயுள்ள பிஸ்டனை முன்னே தள்ளுகிறது. பிஸ்டன் முன்னே பாய, துப்பாக்கி பின்னே உதைக்கிறது. இந்தப் பின்னுதை எல்லாத் துப்பாக்கிகளுக்கும் பொது. ஸ்பிரிங் துப்பாக்கியில் இதற்கு அடுத்து இன்னொன்று நடக்கிறது. கண்ணிமைக்கும் நேரத்துக்குள் பிஸ்டன் அறையின் முனைக்குப் போய்ச் சடக்கென்று நிற்கிறது. வேகமாகப் போகும் பஸ்ஸில் டிரைவர் பிரேக்கை மிதித்தால் நிற்பவர்கள் எல்லோரும் முன்னால் போய் விழுவார்களே, அதுபோலத் துப்பாக்கி முழுவதும் முன்பக்கம் வெட்டி இழுக்கப்படுகிறது.

வெடிமருந்துத் துப்பாக்கிக்கான ஸ்கோப்பில் லென்ஸும் குறுக்குக் கோடும் பின்னுதையைத் தாங்கும்படி அணைத்து வைக்கப்பட்டிருக்கும். எதிர்த்திசையில் வரும் இந்த வெட்டுக்கு அணைப்பு இருக்க வேண்டும் என்ற கட்டாயம் அதைச் செய்தவர்களுக்கு இல்லை. அதனால்தான் யானை வேட்டைத் துப்பாக்கியில் நின்ற ஸ்கோப்கூட ஒரு சாதாரண ஸ்பிரிங் துப்பாக்கியில் பழுதாகலாம். ‘எந்த உதையையும் தாங்கும்’ என்று பெட்டியில் எழுதியிருப்பது நமக்குப் பயன்படாது. ஸ்பிரிங் காற்றுத் துப்பாக்கிக்கு ஏற்றது என்று வெளிப்படையாக எழுதியிருக்க வேண்டும். உத்தரவாதச் சீட்டிலும் அது விலக்கப்படாமல் இருக்க வேண்டும். கடைக்காரரிடம் வாயால் கேட்டுத் திருப்தி அடையாதீர்கள். நான் அப்படிக் கேட்டுத்தான் முதல் ஸ்கோப்பை வாங்கினேன்.

காற்றை முன்கூட்டியே உருளையில் அடைத்துவைக்கும் பிசிபி வகைத் துப்பாக்கியில் இந்தத் தொல்லை கிடையாது. அவர்கள் இந்தப் படியைத் தாண்டிப் போகலாம்.

படி 3: இடமாறு தோற்றப்பிழை

பள்ளியில் அளவுகோலை வைத்துப் பென்சிலை அளந்த நாளில் படித்த சொல் இது. நேராகப் பார்த்தால் ஓர் அளவு, பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தால் வேறோர் அளவு. ஸ்கோப்பிலும் அதுதான் நடக்கிறது. இலக்கின் பிம்பமும் குறுக்குக் கோடும் உள்ளே ஒரே தளத்தில் விழுந்தால் தலையை எப்படி அசைத்தாலும் கோடு இலக்கில் ஒட்டிக்கொண்டு நிற்கும். வெவ்வேறு தளத்தில் விழுந்தால், நீங்கள் தலையை அசைக்க அசைக்கக் கோடு இலக்கின்மேல் நீந்தும்.

ஒவ்வொரு ஸ்கோப்பும் ஒரு குறிப்பிட்ட தூரத்துக்குத்தான் இந்தப் பிழை இல்லாமல் அமைக்கப்படுகிறது. வெடிமருந்துத் துப்பாக்கிக்கானவை பெரும்பாலும் 100 கஜத்துக்கு, அதாவது ஏறத்தாழ 91 மீட்டருக்கு அமைக்கப்பட்டவை. அதைப் பத்து மீட்டரில் வைத்துப் பார்த்தால் என்ன ஆகும்? முன் லென்ஸ் 32 மி.மீ. என்று கொள்ளுங்கள். கண் நடுவிலிருந்து முழுதும் விலகினால் பிழை, லென்ஸின் ஆரமாகிய 16 மி.மீ.ஐ 91இல் 81 பங்கால் பெருக்கினால் வரும் அளவு: ஏறக்குறைய 14 மி.மீ. அந்தப் பத்து மீட்டர் இலக்கின் கறுப்பு வட்டமே 30.5 மி.மீ.தான். துப்பாக்கி அசையவில்லை, கை நடுங்கவில்லை, குண்டிலும் குறையில்லை. கன்னத்தைக் கொஞ்சம் மாற்றி வைத்ததற்காக மட்டும் குண்டு கறுப்பின் நடுவிலிருந்து ஓரத்துக்குப் போய்விடும். தூரத்து இலக்கில் இந்தப் பிழை பெரிதாகத் தெரியாது. பக்கத்து இலக்கில்தான் ஆளைக் கொல்லும். நம் விளையாட்டு முழுவதும் பக்கத்தில்தான் நடக்கிறது.

ஆகவே நாம் தேட வேண்டியது தூரத்தைத் திருத்திக்கொள்ளும் ஸ்கோப். இரண்டு வகை உண்டு. முன் லென்ஸைச் சுற்றி வளையம் உள்ளது ஏஓ வகை. இடப்பக்கம் குமிழ் உள்ளது சைடு ஃபோகஸ் வகை. படுத்துக்கொண்டே திருப்பலாம் என்பதால் இரண்டாவது வசதி. ஆனால் அதே தரத்தில் ஏஓ மலிவு, அதில் கெட்டுப்போக உறுப்புகளும் குறைவு. நம் பட்ஜெட்டுக்கு ஏஓ போதும். திருத்தும் எல்லையின் கீழ்முனை உங்கள் தாளில் எழுதிய குறைந்த தூரத்தைத் தொட வேண்டும். 10 கஜம் என்றால் 9.1 மீட்டர். மொட்டைமாடியில் 7 மீட்டரில் சுடுகிறவருக்கு அதுவும் பற்றாது.

வளையத்தில் அச்சடித்த எண்களை அப்படியே நம்ப வேண்டாம். டேப்பில் 10, 15, 20, 25 மீட்டர் அளந்து, ஒவ்வொரு தூரத்திலும் தலையை மேலும் கீழும் அசைத்து, கோடு நீந்தாத இடம்வரை வளையத்தைத் திருப்பி, வெள்ளை ஒட்டுத்தாளில் நீங்களே குறித்துக்கொள்ளுங்கள். என்னுடையதில் 15 என்று போட்டிருக்கும் இடத்தில் உண்மையில் 12தான் சரியாக வருகிறது.

ஏற்கெனவே திருத்த முடியாத ஸ்கோப்பை வாங்கிவிட்டவர்களுக்கு ஒரு கைவைத்தியம். கறுப்பு அட்டையை முன் லென்ஸின் அளவுக்கு வட்டமாக வெட்டி, நடுவில் 12 மி.மீ. துளை போட்டு மூடிபோலச் செருகுங்கள். ஆரம் 16இலிருந்து 6 ஆகக் குறைவதால் மேலே சொன்ன 14 மி.மீ. பிழை 5 மி.மீ. அளவுக்கு இறங்கிவிடும், பிம்பமும் கூர்மையாகும். வெளிச்சம் குறையும் என்பது உண்மைதான். நம் ஊர் வெயிலில் அது குறையாகத் தெரியாது. முன் லென்ஸைக் கழற்றித் திருகித் திருத்தச் சொல்லும் செய்முறைகளும் உலவுகின்றன. அதைச் செய்தால் உள்ளே அடைத்திருக்கும் நைட்ரஜன் வெளியேறி முதல் மழையிலேயே உட்புறம் மூடுபனி படியும். வேண்டாம்.

படி 4: எத்தனை மடங்கு?

பெட்டியில் 2-7×32 என்றிருந்தால் இரண்டு முதல் ஏழு மடங்கு வரை பெரிதாக்கும், முன் லென்ஸின் விட்டம் 32 மி.மீ. என்று பொருள். பத்து மீட்டரில் உள்ள அட்டையை நான்கு மடங்கில் பார்த்தால் இரண்டரை மீட்டரில் நின்று வெறுங்கண்ணால் பார்ப்பது போலத் தெரியும். 25 மீட்டரில் ஏழு மடங்கு என்றால் மூன்றரை மீட்டர். இதற்குமேல் கிட்டத்தில் கொண்டுவந்து என்ன செய்யப் போகிறோம்?

ஜூம் கூடக்கூட மூன்று தொல்லைகள் வரும். பார்வைப் பரப்பு சுருங்கும்: சாதாரண 3-9×40 ஸ்கோப்பில் ஒன்பது மடங்கில் பத்து மீட்டரில் தெரிவது ஏறத்தாழ அரை மீட்டர் அகலம்தான். இலக்கைத் தேடவே நேரம் போகும். இதயத் துடிப்பும் மூச்சும் பெரிதாகத் தெரிவதால் கோடு துள்ளுவது போலிருக்கும். புதியவர்கள் பதறிப்போய் விசையை வெடுக்கென்று இழுப்பது இதனால்தான். மூன்றாவதாக, அதே விலையில் ஜூமைக் கூட்டித் தரும் நிறுவனம் வேறெங்கோ குறைத்திருக்கும். குறைப்பது பெரும்பாலும் கண்ணாடியில்.

என் தீர்ப்பு: 2-7×32 ஏஓ. அதில்லையென்றால் 3-9×32 ஏஓ. ஹாக் நிறுவனத்தின் வான்டேஜ் வரிசையில் 2-7×32 ஏஓ உண்டு. லீப்பர்ஸ் நிறுவனத்தின் யுடிஜி பக்பஸ்டர் 3-9×32 குட்டையானது. 3 கஜம் வரை கிட்டத்தில் திருத்தலாம் என்பதால் மாடியில் சுடுகிறவர்களுக்குப் பொருந்தும். பெயர் பெற்ற நிறுவனங்களின் பெயரைப் போட்ட போலிகள் சந்தையில் புழங்குகின்றன. நம்ப முடியாத விலைக்கு யாராவது தந்தால் நம்பாதீர்கள்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. இணையத்தில் 1-4×24, 1-6×24 என்று அழகழகாய் ஸ்கோப்கள் கண்ணில் படும். எல்பிவிஓ என்று சொல்வார்கள். ஒரு மடங்கில் இரு கண்களையும் திறந்தபடி கிட்டத்து இலக்கைச் சட்டென்று பிடிக்கவும், நான்கு அல்லது ஆறு மடங்கில் சில நூறு மீட்டருக்குச் சுடவும் அமெரிக்காவில் ஏஆர் வகை வெடிமருந்துத் துப்பாக்கிகளை வைத்திருப்பவர்கள் விரும்பி வாங்குவது. அந்த வேலைக்கு அருமையான கருவி. பட்ஜெட் விலையில் கிடைப்பவற்றில் இடமாறு தோற்றப்பிழை பெரும்பாலும் 100 கஜத்துக்கே நிலையாக அமைக்கப்பட்டிருக்கும், திருத்த வழியில்லை. ‘குறைந்த ஜூம் போதும் என்றீர்களே, அப்படியானால் இதுவே பொருத்தம்தானே’ என்று ஒரு நண்பர் வாங்கி வந்தார். பத்து மீட்டரில் அவருடைய ஐந்து குண்டுகள் ஓர் எலுமிச்சம்பழ அளவுக்குப் பரவின. அட்டையில் துளை போட்டு முன்னால் செருகியதும் புளியங்கொட்டை அளவுக்குச் சுருங்கின.

படி 5: மற்றவை சுருக்கமாக

லென்ஸ் பூச்சில் எல்லாப் பரப்புகளுக்கும் பல அடுக்குப் பூச்சு என்றிருந்தால் நல்லது. பூச்சில்லாத ஒவ்வொரு பரப்பும் ஏறத்தாழ நான்கு சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். மாணிக்கச் சிவப்பாக மின்னும் லென்ஸ் உள்ளவற்றைத் தொடாதீர்கள். நிறத்தைக் கெடுப்பது தவிர அந்தச் சிவப்பால் நமக்குப் பயனில்லை.

குறுக்குக் கோட்டில் சிறு புள்ளிகள் வைத்த மில்-டாட் வகை உதவும். ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு மில். அதாவது 10 மீட்டரில் 10 மி.மீ., 25 மீட்டரில் 25 மி.மீ. மலிவான ஸ்கோப்களில் ஜூமை மாற்றினாலும் கோட்டின் அளவு மாறாது. அதனால் இந்தக் கணக்கு ஒரு ஜூமில் மட்டுமே பொருந்தும், வழக்கமாக உச்ச ஜூமில். ஒரே ஜூமில் நிலைத்துச் சுடுவது எளிது.

குழாயின் விட்டம் 25.4 மி.மீ. போதும், 30 மி.மீ. குழாய் ஒளியைக் கூட்டாது. விளக்கு தேவையில்லை. எடை அரைக் கிலோவைத் தாண்டினால் மவுண்டுக்குச் சுமை.

படி 6: கடையில் ஐந்து நிமிடம்

நேரில் வாங்க முடிந்தால் இதைச் செய்யுங்கள். ஜூம் வளையத்தையும் ஏஓ வளையத்தையும் முழுதும் திருப்புங்கள். இறுக்கம் சீராக இருக்க வேண்டும், இடையில் மணல் அரைபடுவது போன்ற உணர்வு கூடாது. காதோரம் மெல்ல ஆட்டுங்கள். பிறகு வாசலுக்கு வந்து பத்து மீட்டர் தள்ளியிருக்கும் எதிர்க்கடைப் பெயர்ப்பலகையைப் பாருங்கள். ஏஓவைத் திருத்தி ஓர் எழுத்தின் விளிம்பில் கோட்டை நிறுத்தித் தலையை அசையுங்கள். கோடு நகரக் கூடாது. வானத்தின் பின்னணியில் தெரியும் மின்கம்பியின் விளிம்பில் ஊதா நிறம் தடிமனாகப் படிந்தால் கண்ணாடி மட்டம். சூரியன் இருக்கும் திசைக்கு மட்டும் திருப்பிவிடாதீர்கள், கண் போய்விடும்.

கடைசியாக, குறியை மேல்கீழாகவும் இடவலமாகவும் நகர்த்தும் இரு குமிழ்களின் மூடியைக் கழற்றி ஒவ்வொரு கிளிக்கையும் விரலால் கேளுங்கள். ‘டிக், டிக்’ என்று தனித்தனியாக உணர வேண்டும். கொழகொழவென்று ஓடினால், பின்னால் ஜீரோ செய்யும்போது, அதாவது குறியும் குண்டு படும் இடமும் ஒன்றாகும்படி திருத்தும்போது, கண்ணீர்தான்.

படி 7: மவுண்ட்

ஸ்கோப்புக்கு எடுத்துவைத்த தொகையில் நான்கில் ஒரு பங்கையாவது மவுண்டுக்கு ஒதுக்குங்கள். ஸ்கோப்பின் குழாயைச் சுற்றிப் பிடிக்கும் வளையங்களுக்கு ரிங் என்று பெயர். பெட்டியோடு இனாமாக வரும் ஒற்றைத் திருகு ரிங்குகள் ஸ்பிரிங் துப்பாக்கியில் நிற்காது. துப்பாக்கி முன்னே வெட்டும்போது ஸ்கோப் தன் இடத்திலேயே நிற்கப் பார்க்கும். அதனால் சுடச்சுட மில்லிமீட்டர் மில்லிமீட்டராகப் பின்னால் ஊர்ந்து வரும். ஊர்ந்தால் ஜீரோ போச்சு. இரண்டு ரிங்குகளும் ஒரே அடித்தளத்தில் சேர்ந்த ஒற்றைத்துண்டு மவுண்ட், ஒவ்வொரு ரிங்கிலும் மேலே நான்கு திருகுகள், அடியில் தடுப்பு முளை: இவை மூன்றும் இருக்க வேண்டும். நீங்கள் அளந்து வைத்த பின்முனைக் குழியில் அந்த முளை இறங்கி உட்காரும். குழி இல்லாத துப்பாக்கிக்கு, மவுண்டுக்குப் பின்னால் தனித் தடுப்புக் கட்டை ஒன்றை இறுக்கலாம்.

ரிங்கின் விட்டமும் குழாயின் விட்டமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் என் இரண்டாவது மவுண்டை 30 மி.மீ.க்கு வாங்கி வந்தவன் நான்தான்.

படி 8: பொருத்துவது

முதலில் ஸ்கோப்பை நடுநிலைக்குக் கொண்டுவாருங்கள். செருப்புப் பெட்டியின் எதிரெதிர்ச் சுவர்களில் ‘வி’ போல வெட்டி, ஸ்கோப்பை அதில் கிடத்தி, சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்தபடி ஸ்கோப்பை உருட்டுங்கள். கோட்டின் மையம் ஒரு வட்டம் போடும். இரு குமிழ்களையும் திருகித் திருகி அந்த வட்டத்தைப் புள்ளியாக்குங்கள். கால் மணி நேரம் பிடிக்கும். பின்னால் ஒரு டப்பா குண்டை மிச்சப்படுத்தும்.

மவுண்டைத் தண்டவாளத்தில் இறுக்கி, ஸ்கோப்பை வைத்து, மேல் மூடியைத் தளர்வாகப் போடுங்கள். துப்பாக்கியில் குண்டு இல்லை என்று பார்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு வழக்கம்போலக் கன்னத்தை வையுங்கள். கண்ணைத் திறந்தால் வட்டம் முழுதாக, கறுப்பு நிழல் இல்லாமல் தெரிய வேண்டும். தெரியும்வரை ஸ்கோப்பை முன்பின் நகர்த்துங்கள். கண்ணுக்கும் பின் லென்ஸுக்கும் இடையே வழக்கமாக எட்டு, ஒன்பது செ.மீ. வரும். துப்பாக்கியை நேராக நிறுத்தி, தூரத்தில் தூக்குக்குண்டு கட்டிய நூலைத் தொங்கவிட்டு, குத்துக்கோட்டை அந்த நூலோடு பொருத்துங்கள்.

பிறகு திருகுகளை மூலைக்கு மூலை மாற்றி மாற்றி, கால் சுற்று கால் சுற்றாக இறுக்குங்கள். ஆலன் கீயின் குட்டைக் கையைப் பிடித்து இரண்டு விரல்களால் இறுக்கினால் போதும். முழுக்கையின் பலத்தையும் போட்டால் குழாய் நசுங்கி ஏஓ வளையமோ ஜூமோ இறுகிக்கொள்ளும்.

படி 9: ஜீரோ

பின்னால் குண்டு தாண்டாத தடுப்பு அவசியம். மரப்பெட்டி நிறைய இறுக்கமாக அடைத்த பழைய துணி, அதற்குப் பின்னால் மண்சுவர். அருகில் இருக்கும் எல்லோர் கண்ணிலும் பாதுகாப்புக் கண்ணாடி.

ஸ்பிரிங் துப்பாக்கியை இறுக்கிப் பிடித்தால் குண்டுகள் அட்டையில் சிதறிப் படும். குண்டு குழலை விட்டு வெளியேறும் முன்பே உதை தொடங்கிவிடுவதால் அது ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி உதைக்க விட வேண்டும். முன்கட்டையைத் திறந்த உள்ளங்கையில் குழந்தையை ஏந்துவதுபோல வைத்து, தோளில் லேசாகத் தொடவிட்டுச் சுடுங்கள். மேசைமேல் நேரடியாக வைக்காதீர்கள்.

முதல் குண்டு 5 மீட்டரில். அங்கே குறியைவிட இரண்டரை, மூன்று செ.மீ. கீழே பட்டால் மகிழ்ச்சி அடையுங்கள். ஸ்கோப் குழலுக்கு மேலே நாலரை செ.மீ. உயரத்தில் இருப்பதால் அப்படித்தான் பட வேண்டும். பிறகு நேராக 25 மீட்டருக்குப் போய் ஐந்து குண்டுகள் சுட்டு, அவற்றின் மையத்தை மட்டும் கணக்கில் எடுங்கள். ஒரு குண்டைப் பார்த்துக் குமிழைத் திருகுவது ஓயாத சுழல். எம்ஓஏ என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. கால் எம்ஓஏ கிளிக் என்றால் 25 மீட்டரில் ஒரு கிளிக்குக்கு 1.8 மி.மீ., 10 மீட்டரில் 0.7 மி.மீ. ஐந்து செ.மீ. கீழே பட்டிருந்தால் 27 கிளிக் மேலே.

20 ஜூலுக்கு நெருக்கமான துப்பாக்கியில் அரைக் கிராம் சொச்சம் எடையுள்ள குண்டை 25 மீட்டரில் ஜீரோ செய்தால், ஏறத்தாழ 17 முதல் 25 மீட்டர் வரை நேரே குறிவைக்கலாம். 10 மீட்டரில் ஒரு செ.மீ. சொச்சம் கீழே படும். உங்களுடையதில் எவ்வளவு என்று சுட்டுப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

மடக்குத் துப்பாக்கிகளில் குழல் சற்றே கீழ்நோக்கி இருப்பது சகஜம். மேல் குமிழை எவ்வளவு திருகினாலும் குண்டு கீழேயே படும். எல்லைவரை திருகி நிறுத்தினால் உள்ளே இருக்கும் சிறு ஸ்பிரிங் தளர்ந்து ஜீரோ தானாக அலையும். அதற்குப் பதில், பின் ரிங்கின் அடியில் குளிர்பானத் தகரக் குவளையிலிருந்து வெட்டிய மெல்லிய பட்டை ஒன்றோ இரண்டோ வையுங்கள். அதற்கும் பற்றவில்லை என்றால் இதற்கென்றே பின்பக்கம் உயர்த்திச் செய்த மவுண்ட் கிடைக்கிறது.

கடைசியாகச் சதுரச் சோதனை. குறியை மாற்றாமல், 20 கிளிக் மேலே திருகி மூன்று குண்டு, 20 வலது, 20 கீழே, 20 இடது, ஒவ்வொன்றுக்கும் மும்மூன்று. அட்டையில் சதுரம் விழுந்து, கடைசி மூன்றும் தொடங்கிய இடத்திலேயே பட்டால் ஸ்கோப் நாணயமானது. கோணலாக விழுந்தால் திருப்பித் தரும் காலக்கெடுவுக்குள் அட்டையோடு கடைக்குப் போங்கள்.

படி 10: மழைக்காலம்

ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் லென்ஸில் சிலந்தி வலைபோலப் பூஞ்சை படரும். கேமரா வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். ஸ்பஞ்ச் வைத்த பையில் மாதக்கணக்கில் பூட்டி வைக்காதீர்கள். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் ஒரு கைப்பிடி சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். நிறம் மாறினால் வாணலியில் மெல்லிய தீயில் வறுத்து மறுபடி போடலாம், அந்த வாணலியை மட்டும் சமையலுக்கு எடுக்காதீர்கள். லென்ஸைச் சட்டை நுனியால் துடைக்காமல், தூசியை ஊதிவிட்டு மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றுங்கள். மவுண்டைக் கழற்றும் முன் முளை உட்கார்ந்த இடத்தையும் ரிங்குகளின் விளிம்பையும் வெள்ளைப் பென்சிலால் குறித்துவிட்டால், தை மாதம் வெயில் வந்ததும் பத்து குண்டுகளுக்குள் பழைய ஜீரோ திரும்பிவிடும்.